பளபளன்னு ஒரு கால்

...என்ன தம்பி லேப் இது, ஒவ்வொரு தடவையும் 'ஒண்ணும் கிடைக்கலை'ன்னே எழுதி அனுப்புறீங்க? பாதம் பூசணிக்காயா வீங்கி, அங்கங்க ஓட்டை போட்டுக்கிட்டு நிக்குது. உங்க மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் தெரியலையாக்கும். முன்னாடி இந்த லேப்ல இருந்த அம்மாவாவது முகம் குடுத்துப் பேசுவாங்க. நீங்க ஊசியும் கையுமா உம்முன்னு உக்காந்திருக்கீங்க. இருங்க, செருப்பைக் கழட்டிக்கிறேன்.

முள்ளு குத்தினதுதான். லாட்ஜ்ல ரூம் சுத்தம் பண்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நாந்தான் சூப்பர்வைசர். பின்னாடி பெட்ஷீட் காயப்போடுறப்ப வெறுங்கால்ல ஏறிச்சு. பிடுங்கிப் போட்டுட்டு வேலையைப் பாத்தேன். அப்பவே வலிச்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? பாழாப்போனது வலிக்கவே இல்லையே, சத்தமில்லாம உள்ளயே குடித்தனம் வச்சிருச்சு.

டாக்டர் என்ன சொல்றாரு, பூஞ்சைன்னா ஒரு மாத்திரை, பாக்டீரியான்னா வேற மாத்திரையாம். எதுன்னு தெரியாம மாசக்கணக்கா முழுங்கினாலும் பிரயோஜனம் இல்லையாம். பூஞ்சையாம்ல பூஞ்சை... ஈரச் சுவத்துல வர்றதுக்கு என் கால்ல என்ன வேலை? நான் பாத்துக்கிற லாட்ஜ் பாத்ரூம் ஒண்ணுல காட்டுங்க பாப்போம்.

எலும்புக்குள்ள போயிட்டா காலையே எடுக்க வேண்டி வரலாம்னு என் மருமககிட்ட மெதுவாச் சொன்னாரு. எனக்கா காது கேக்காது? பயமா இருக்கு தம்பி. மாடிப்படி ஏறி இறங்கினாத்தான் எனக்குப் பிழைப்பு.

ம், பிரிங்க. எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தீங்களா? ஏன் அப்படி முழிக்கிறீங்க?

நேத்துப் போட்ட கட்டு எங்கன்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. டாக்டர் முன்னாடி சீழும் கறையுமா காலை நீட்டுறதுக்கு என்னை என்னன்னு நினைச்சீங்க? காலையில வெந்நீர் வச்சு, சோப்பு போட்டு, ஓட்டை ஓட்டையா அமுக்குவேன். கடுகை விடப் பொடிசா, கருப்பு கருப்பா வரும். அதுல ஒண்ணு விடாம கழுவி ஊத்திட்டு, புதுக் கட்டு போட்டுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கிளம்புவேன்...

என்னது, அந்தக் கருப்பைத்தான் தேடுறீங்களா? அதுதான் அந்தக் கிருமியேவா?

...முன்னாடி இருந்த அந்த அம்மா 'கட்டைப் பிரிக்காம அப்படியே வாங்க'ன்னு சொல்லத்தான் செஞ்சாங்க. நமக்கு எதுக்குச் சிரமம்னு மரியாதைக்குச் சொல்றாங்கன்னுல்ல நினைச்சேன். ஐயோ, வெளியில மருமக உக்காந்திருக்கா, அவ காதுல விழுந்துடப் போகுது.

சரி விடுங்க. நாளைக்கு அழுக்குக் கட்டோடயே வர்றேன். ஆனா ஒண்ணு தம்பி, பஸ்ல எவனாவது மூக்கைப் பொத்தினா, லேப்காரர்தான் கழுவக் கூடாதுன்னாருன்னு உங்களைக் கைகாட்டிட்டுத்தான் இறங்குவேன்.