காளைக்குத் தண்ணீர் வைத்தவர்

பெயர்: டிலக்ஷி றெக்சன். வயது: 27. முகவரி: பாலையூற்று, திருகோணமலை. தொழில்: ஆய்வுகூட உதவியாளர்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. கணவருடனும் கைக்குழந்தையுடனும் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். துறைமுகத்துக்கு அருகிலுள்ள தனியார் இறைச்சி ஆய்வுகூடத்தில், ஆய்வை நடத்தும் கலாநிதி கிருஷாந்தின் கீழ் வேலை செய்கிறேன். அறுத்த மாட்டின் தசையைச் சூடு ஆற முன் வெட்டி, கண்டிக்கு அனுப்பும் குளிர்ப்பெட்டியில் வைப்பது என் வேலை. தாகத்தோடு களைத்து அறுபடும் மாட்டின் இறைச்சி ஏன் கறுத்து இறுகுகிறது என்பதே ஆய்வு. அதற்காகக் காளையொன்றைத் தண்ணீர் காட்டாமல் பட்டியில் விட்டிருந்தார்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, அறுப்பதற்குக் கிண்ணியாவிலிருந்து வந்த முனீப் நானா, தண்ணீர் காட்டாமல் அறுப்பது தங்கள் முறையில்லை என்று சொல்லிக் காளைக்கு வாளியை வைத்தார். அது வாளியின் அடியை நக்கும் வரை குடித்தது. அதைக் கண்ட கலாநிதி, "என்ரை வேலையை நாசமாக்கிப்போட்டாய். நீயே உள்ளுக்குப் போய் அடிச்சு ஓட்டு, களைக்கட்டும்" என்றார்.

"ஏலாது சேர். வெருண்டு நிக்கிது."

"தண்ணி குடுக்கத் தெரியும், அடிக்கத் தெரியாதோ?"

அதன் பின்னர் கலாநிதி அவரைப் பட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியே கொளுக்கியைப் போட்டார். காளை ஓடியது. முனீப் நானாவும் ஓடினார். கலாநிதி கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். அதன் பின்னர் காளை முனீப் நானாவை வேலியோடு சேர்த்து வயிற்றில் குத்தியது. வேலையாட்கள் கயிறு போட்டுக் காளையைச் சாய்த்த பின்னரே அவரை வெளியே இழுத்தோம். என் சால்வையால் காயத்தை அழுத்திப் பிடித்தேன். "புள்ள, குடல் வெளிய வந்திட்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வந்திருந்தது.

அதற்கிடையில் இக்ராம் என்ற வேலையாள் காளையை அறுத்திருந்தார். "டிலக்ஷி, அவனை விடுங்கோ. தசை ஆறுது" என்றார் கலாநிதி. நான் எழும்பவில்லை. அவரே வெட்டிப் பெட்டியில் வைத்தார். முனீப் நானாவை ஏற்ற வான் கேட்டோம். "பெட்டி கண்டிக்குப் போகவேணும். ஓட்டோ பிடியுங்கோ" என்று வானை அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முனீப் நானா ஓட்டோவிலேயே இறந்துவிட்டார்.

மறுநாள் கலாநிதி என்னைக் கூப்பிட்டு, "இறைச்சி நல்லாக் கறுத்திருக்கு" என்றார். அதன் பின்னர், "அவன் தானாத்தான் உள்ளுக்குப் போனவன். உங்களுக்கும் கைப்பிள்ளை இருக்கு, கதைக்கேக்கை கவனம்" என்றார். முனீப் நானாவின் மனைவி ஜெமீலாவுக்கும், கணவர் தன்னுடைய பிழையால்தான் இறந்தார் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

முனீப் நானா தானாக உள்ளே போகவில்லை. எனக்குக் கைப்பிள்ளை இருப்பது உண்மை. மேலே சொன்னவையும் உண்மை. பொலிசார் வாசித்துக் காட்டியதைக் கேட்டு, விளங்கி, ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) றெ. டிலக்ஷி