பூசாத மாடி

போடிமெட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த ஜீப்பில், எனக்கு முன்னால் இருந்த சிலமலை ஊர் ஏலத்தோட்ட முதலாளி, பக்கத்திலிருந்த தன் மாப்பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அவய்ங்க சமாதானமாப் போயிருக்கக் கூடாது, மாப்ளே."

"யாரு மாமா? பங்காளிகளா?"

"குவாத்தமாலாக்காரய்ங்க. நமக்குப் போட்டியா ஏலக்காய் போடுற நாடு. வருசக்கணக்கா உள்நாட்டுச் சண்டை. நெலமில்லாதவன் நெலம் கேட்டுத் துப்பாக்கி தூக்குனான். பட்டாளம் மலையேறி ஊரு ஊராக் கொளுத்திருச்சு. மலைச்சனம் எல்லை தாண்டி ஓடிருச்சு. காய் பறிக்க ஆளில்ல."

"அய்யோ பாவம்."

"பாவந்தேன். அப்பத்தேன் எனக்கு நல்ல வெலை கெடச்சு மாடி எழுப்புனேன்."

"இன்னமும் பூசாமக் கெடக்கே, அதா?"

"தொண்ணூத்தாறுல பூச்சு வேலை ஆரம்பிக்கையில சமாதானக் கையெழுத்துப் போட்டுட்டாய்ங்க. ஓடுனவனெல்லாம் திரும்பி வந்து காய் பறிக்கிறான். ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கலாம்ல?"

பொறுத்திருக்கலாம்தான் என்று மாப்பிள்ளை தலையாட்டினார்.

தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "ஏன் மொதலாளி, நெலம் கேட்டவுகளுக்கு நெலம் கெடச்சுச்சா?"

முதலாளி, தினமும் ஏலக்காய் விலை வரும் செல்போனை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"அதெல்லாம் இதுல வராது ஆத்தா. வெலை மட்டுந்தேன் வரும்."