ஆட ஒன்பது பேர் வேண்டும்

குளுவாங்கிலிருந்து பத்து பகாட் ஊருக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் சொன்னதைக் கேட்டு நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“எம்மவ இந்த வருசம் ஆறு ஊருக்குப் போயி சாப்ட்பால் ஆடாம வந்திருக்காக்கா.”

“ஆடாமயா?”

“பெரிய கிளப்பு லா. நாலு டீம், தனி பஸ்ஸு, ஜெர்சியில பேரு. இவ பெஞ்சுல உக்காந்து தண்ணி போத்தலப் பாத்துக்கறா.”

“அலமாக்! முன்ன இருந்த காஹாங் கிளப்புல எல்லா மேட்சும் ஆடுனாளே! அந்த கோச்சு கையப் புடிச்சுல்ல சொல்லிக் குடுப்பாரு. திரும்ப அங்கயே சேத்துடு.”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அங்க மொத்தமே ஒம்பது பேருதான்க்கா. ஆடவும் ஒம்பது பேரு வேணும். நான் இவளக் கூட்டிட்டு வந்ததும் கிளப்ப மூடிட்டாங்க. மத்த எட்டுப் பிள்ளைங்களும் இப்ப வீட்டுலதான்.”