பவளம் வெளுப்பதற்கு முன்

அவைத் தலைவர் திரு. ஜெயபாலன் அவர்களே, அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் இசபெல்லாவின் தாயார் அருளம்மாள் அவர்களே, ஈப்போவிலிருந்தும் சிலிம் ரிவர் தோட்டங்களிலிருந்தும் பங்கோர் தீவிலிருந்தும் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்லன். எழுதி வந்ததை வாசிக்கிறேன். நான்கு முறை எழுதினேன். நான்காவதும் சரியாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயர் ராமையா. டாக்டர் இசபெல்லா சூசைநாதன் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் உதவியாளனாக வேலை செய்து, 1985இல் ஓய்வு பெற்றேன்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண் கடலுக்குள் எப்படிப் போனார்? பலர் கேட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் நானும் கேட்டேன். "காலைல பனி இறங்கினா ரப்பர் மரத்துல உச்சி மட்டும் மிதக்கும், பார்த்திருக்கீங்களா அண்ணே? தண்ணிக்கு அடியிலயும் அப்படித்தான் இருக்கு" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்து, அடியில் கண்ணாடி பதித்த பெட்டியை நீரில் அழுத்திப் பார்ப்பேன். கீழே பவளங்கள் மரக்கிளைகள் போல விரிந்திருக்கும். அவற்றுக்கு மேல் டாக்டர் மிக மெதுவாக, உறக்கத்தில் நடப்பவர் போல நகர்ந்து போவார். அவர் விட்ட மூச்சு குமிழ்களாக எழுந்து என் கண்ணாடியில் வந்து உடையும். நேரம் போவதே தெரியாது. அது கனவா என்று இப்போதும் சில நாள் எண்ணுகிறேன்.

அவர் தேடியது என்ன? பவளம் ஓர் உயிர். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்த பிறகு எல்லோருக்கும் தெரியும். வெளுப்பதற்கு முன்பே அதன் துன்பத்தை அறிய முடியுமா? இதுதான் டாக்டரின் கேள்வி. சூட்டைத் தாங்க உயிரணுக்கள் ஒருவகைப் புரதத்தைச் செய்கின்றன என்று வெளிநாட்டில் ஈக்களை வைத்துக் கண்டிருந்தார்கள். பவளமும் செய்யுமென்று டாக்டர் நம்பினார். நகக்கண் அளவு பவளத்தைக் கிள்ளி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து அரைத்து, கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிப்போம். சாயம் ஏற்றினால் நீலக் கோடுகள் தெரியும். பவளம் துன்பப்பட்டிருந்தால் ஒரு கோடு மட்டும் கருத்து நிற்க வேண்டும்.

1983இல் கடல் சூடானது. எங்களைக் கொண்டுபோன பங்கோர் படகுக்காரர் ஐயாவு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன தாயி, கடலுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டாங்களா? கல்லு செத்துப்போச்சு போலிருக்கே" என்றார்.

"சாகலண்ணே. குடியிருந்தவங்கள வெளிய அனுப்பிட்டுத் தனியா நிக்குது."

"என் வீட்டுக்காரியும் போன மாசம் அதான் செஞ்சா. நான் மூணு நாள் படகுல படுத்திருந்தேன்லா."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இன்னும் வெளுக்காமல் நின்ற பவளங்களிலிருந்து இருபத்துநான்கு குப்பிகளில் மாதிரி எடுத்துத் தந்தார். தான் தீவிலேயே தங்கிக்கொண்டு, "பத்திரம் அண்ணே, இது திரும்பக் கிடைக்காது" என்று என்னை வேனில் ஈப்போவிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

பெரியோர்களே, இனி வாசிக்கப்போவதுதான் எனக்குக் கடினம்.

வழியில் சித்தியவான் ஊருக்கு வரும்போது பனிக்கட்டி உருகிவிட்டது. அன்று விடுமுறை, ஐஸ் கடை பூட்டியிருந்தது. மாதிரிகள் கெட்டுவிடும் என்று பதறினேன். எங்கள் கூடத்தில் தோட்டத்து ரப்பர் பாலையும் சோதிப்போம். அந்தப் பால் உறையாமலிருக்க, வேனில் எப்போதும் ஒரு போத்தல் அம்மோனியா இருக்கும். அதற்கு முன் பதினேழு வருடம் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவன் நான். பால் உறையப் பார்த்தால் கை தானாக அம்மோனியாவுக்குப் போகும். அன்றும் போனது. இருபத்துநான்கு குப்பி, குப்பிக்கு ஆறு சொட்டு. அளவில் ஒரு பிழையும் இல்லை.

தகட்டில் கோடுகள் வரவில்லை. ஒரு மங்கலான நீலப் புகை மட்டும் தெரிந்தது. அம்மோனியா புரதங்களைச் சிதைத்துவிட்டிருந்தது.

"குப்பியில என்ன போட்டீங்க அண்ணே?" என்று தீவிலிருந்து திரும்பிய டாக்டர் கேட்டார்.

சொன்னேன். டாக்டர் தகட்டைக் கழுவி வைத்தார். பிறகு, "அது பால் இல்லலா, பவளம்லா" என்றார். அவ்வளவுதான்.

ஆய்வுக்கு நிதி தரும் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் அவர் என்ன எழுதினார்? "மாதிரிகள் என் கவனக்குறைவால் கெட்டன" என்று எழுதினார். நான் தடுத்தேன். "உங்க பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. பவளத்துக்கு ரெண்டாயிரம் வருஷம் இருக்கு. எது அவசரம்?" என்று என் வாயை அடைத்தார். அந்த ஒரு வரிக்காக ஆய்வுக்கான நிதியுதவி நின்றது. "குப்பியைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்" என்று ஒரு கூட்டத்தில் கேலி செய்தார்கள். அருளம்மாள் அவர்கள் அன்று அங்கே இருந்தார்கள். நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

டாக்டர் சோர்ந்துவிட்டாரா? இல்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் பவளம் வளர்த்து நீரைச் சூடாக்கினார். மூன்றாம் நாள் அந்தக் கோடு கருத்தது. ஒன்பதாம் நாள்தான் பவளம் வெளுத்தது. ஆறு நாள் முன்பே பவளம் சொல்லிவிடுகிறது, பெரியோர்களே. அவர் இதை எழுதி அனுப்பியபோதும், "கடலில் எடுத்த மாதிரி எங்கே?" என்றே கேட்டார்கள். அடுத்த வாரம் அந்தக் குழுவினர் டாக்டரின் ஆய்வுக் கோப்பை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். கோப்பின் முதல் பக்கத்தில் டாக்டரின் கவனக்குறைவு என்றே இருக்கிறது.

எனக்குப் பென்ஷன் வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது. டாக்டர் உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன்.

நடந்ததை நாள், நேரம், சொட்டுக் கணக்குடன் அந்தக் குழுவுக்குக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் இப்போது பணிபுரியும் ஜோன், மாதம் ஒருமுறை அதே பவளங்களில் மாதிரி எடுப்பதாக உறுதியளித்திருக்கிறார். ஐயாவு அண்ணன் படகு தருகிறார். நீர் எவ்வளவு சூடு, பனிக்கட்டி எத்தனை மணிக்கு வைத்தோம் என்று குறிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். கோப்பு மூடினாலும் போவோம். கடல் மறுபடி சூடாகும் நாளில், அந்தக் கோட்டுக்கு நாங்கள் காத்திருப்போம்.

அருளம்மாள் அவர்களே, இந்தக் கடிதம் நாளை தபாலில் போகும். அதற்கு முன் நீங்கள் படிக்க வேண்டும். உங்கள் மகள் ஒரு குப்பியையும் கெடுத்ததில்லை. கெடுத்தவன் நான். இதோ, இறங்கி வந்து உங்கள் கையில் தருகிறேன்.