மூடாமல் நின்ற சைலன்சர்

ராஜாங்கம்: கட்அவுட்டா? எந்தத் தலைவருக்கு?

செழியன்: அது இல்லண்ணா... சைலன்சர் கட்அவுட். ஸ்விட்ச் போட்டா பைப்புல ஒரு மூடி தொறந்துக்கும். சத்தம் சைலன்சருக்குள்ள போவாம நேரா...

ராஜாங்கம்: நேரா ஊர்க்காரன் காதுக்குள்ள. மூடறதுக்கும் மோட்டாரா?

செழியன்: அதே மோட்டார்தான். ஆனா பியூஸ் போயிக்கினே இருக்குது. போச்சின்னா மூடி தொறந்தது தொறந்தபடியே நின்னுடுது.

ராஜாங்கம்: இதுவரைக்கும் எத்தினி பியூஸ் போச்சி?

செழியன்: நாலு.

ராஜாங்கம்: இந்த கட்அவுட்ட யாரு மாட்னது?

செழியன்: நாந்தான். வீடியோ பாத்து...

ராஜாங்கம்: அந்த வீடியோக்காரன்கிட்டயே வண்டிய காட்டியிருக்கலாமே, இருவது வருசமா கார் ஒயரிங் பாக்கற எனக்கு இன்னா தெரியும்! எங்க, பியூஸ் பாக்ஸ தொற... அடப்பாவி, பத்து ஆம்பியர் எடத்துல முப்பது!

செழியன்: சின்னது தாங்கல. அதான் பெருசா...

ராஜாங்கம்: நாய் கொலைக்குதுன்னு அது வாயக் கட்டிட்டா திருடன் போயிடுவானா? முப்பதும் போச்சா?

செழியன்: போச்சி.

ராஜாங்கம்: ஒயர் பத்திக்கறதுக்கு முன்ன அது போச்சே, போயி தேங்கா ஒட. இந்தா, புது பியூஸ். ஸ்விட்ச் போடு.

செழியன்: தொறக்குது... மூடுது. இப்ப போவலியே!

ராஜாங்கம்: ஆஸ்பத்திரி வாசல்ல நோவு ஓடிப்போற மாதிரி. எப்ப போவும்?

செழியன்: கொஞ்ச தூரம் ஓட்னப்புறம். அன்னிக்கும் கரியாலூர்ல கெளம்பறப்ப நல்லாதான் இருந்துச்சி. மலை வளைவுல எதிர்ல வர்றவனுக்குக் கேக்கட்டும்னு தொறந்தேன்...

ராஜாங்கம்: ஹாரன்னு ஒன்னு வச்சிருக்கான், பாத்ததில்லியா? சரி, சூடு ஏறினாத்தான் போவுது. ஜாக்கி போடு, அடியில பாக்கறேன்... ஆங். ஒயர பைப்பு மேலயே படுக்க வச்சிருக்கியே, மெத்தையா அது? தோலு உருகி செம்பு தெரியுது. வண்டி ஆடறப்ப இரும்புல பட்டு ஷார்ட் ஆவுது.

செழியன்: அவ்ளோதானா?

ராஜாங்கம்: அவ்ளோதான். புது ஒயர பைப்ப வுட்டுத் தள்ளி இழுத்து, பேட்டரிகிட்டயே தனியா ஒரு பியூஸ். பின்கதவுல இன்னா இவ்ளோ பெரிய பள்ளம்?

செழியன்: கல்லு.

ராஜாங்கம்: மலையிலேர்ந்து உருண்டுச்சா?

செழியன்: பறந்து வந்துச்சி.

ராஜாங்கம்: கல்லுக்கு றெக்க மொளைச்சிட்டுதா? எங்க?

செழியன்: இங்கதான். போன ஞாயித்துக்கெழம, தியாகதுருகம் தாண்டி மறியல் பண்ணாங்களே... கூட்டத்துகிட்ட வர்றேன், ஸ்விட்ச்ச அமுக்கறேன், அமுக்கறேன், மூடல. பியூஸ் போயிட்டுருக்குது.

ராஜாங்கம்: எஞ்சின ஆஃப் பண்ண வேண்டிதான?

செழியன்: பண்ணேன். அதுக்குள்ள கல்லு வந்துட்டுது.

ராஜாங்கம்: நூறு பேரு ரோட்ல உக்காந்து எட ஒதுக்கீடு கேட்டுக்கினு இருக்கறாங்க. அங்க போயி நீ உறுமுனா... வம்புக்கு வந்திருக்கான்னுதான் நெனப்பான்.

செழியன்: நெனச்சீங்க.

ராஜாங்கம்: இன்னா?

செழியன்: நெனப்பான் இல்லண்ணா. நெனச்சீங்க. கல்லு எடுத்தது நீங்கதான். சைடு கண்ணாடியில பாத்தேன்.

ராஜாங்கம்: ...தெரிஞ்சேவா எங்கடைக்கி வந்த?

செழியன்: தியாகதுருகத்துல கார் ஒயரிங் பாக்க வேற யாரு இருக்காங்க?

ராஜாங்கம்: ...வண்டியில வேற யாராச்சும்...

செழியன்: எந்தங்கச்சி இலக்கியா. கரியாலூர்ல தங்கி இஸ்கூல்ல பாடம் சொல்லிக் குடுக்குது. அன்னிக்கி அதுக்கு கவர்மெண்ட் வேலைக்கிப் பரீட்ச, உளுந்தூர்பேட்டையில. ரெண்டு வருசமா படிச்சிது. ஒம்பதேகாலுக்கு கேட்ட சாத்திட்டாங்க. நாங்க போயி சேந்தது பத்தர.

ராஜாங்கம்: அடி... கிடி...

செழியன்: அதெல்லாம் இல்ல, கதவு வாங்கிக்கிச்சி. வேலையில எடம் வேணும்னு நீங்க ரோட்ல உக்காந்தீங்க. அந்த வேலைக்கி எழுதப் போனது கேட்டுக்கு வெளிய உக்காந்துச்சி. ரொம்ப நல்ல போராட்டம்ண்ணா... இன்னா, ஒயர கையில வச்சிக்கினே நிக்கறீங்க? இதுவர வாயி மூடலியே உங்களுக்கு?

ராஜாங்கம்: ஒன் வண்டிக்குப் பின்னாடி ஒரு பஸ் நின்னுது தம்பி. அதுல எம்பொண்ணு அபிநயா. அதே பரீட்சதான்... மொத பஸ்சுலியே போயிட்டான்னு நெனச்சிக்கினு நான் ரோட்ல உக்காந்தேன். ஒரு வாரமா வூட்ல என்கிட்ட ஒரு வார்த்த பேசல. நான் கல்லு எடுத்தத நீ மட்டும் பாக்கல... ஜன்னலோரமா உக்காந்து அவளும் பாத்துக்கினுதான் இருந்தா.