சாமி டம்ளர்

முட்டைப் பொடியைச் சூடான கஞ்சியில் போடக் கூடாது, மேடம். போட்டால் வெந்து திப்பி திப்பியாகத் திரண்டுவிடும். குடிக்கிறவனுக்கு முதல் வாயிலேயே தெரிந்துபோகும். பொடியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொண்டு, கஞ்சி நன்றாக ஆறிய பிறகு கலக்க வேண்டும். ராகிக் கஞ்சியாக இருந்தால் நிறமும் காட்டிக்கொடுக்காது. ஏலக்காய் தட்டிப் போட்டால் வாடையும் அடங்கிவிடும்.

சமையல் குறிப்பு சொல்ல வந்தவன் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. விஜியைப் பட்டினி போட்டது யார் என்று கேட்டீர்கள். அவளுடைய அக்கா அனுஷா உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் விஜியின் புருஷன், அதாவது என் தம்பி சுனில், பேர் இருக்கிறது. என் அம்மா லட்சுமம்மா பேர் இருக்கிறது. என் பேர் இல்லை. அந்தத் தப்பைத் திருத்தத்தான் வந்தேன். போய்ச் சேர்ந்த பெண்ணுக்கு அதையாவது செய்ய வேண்டும். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் கன்னடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேர் பாலகுமார். ஆஸ்டின் டவுனில் ஒரு மாடியில் ஜிம் நடத்துகிறேன். ஒரு காலத்தில் நானும் எண்ணெய் தடவிக்கொண்டு மேடை ஏறியவன்தான். தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்ததோடு அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே சுனில்தான். அவன் உடம்பு அவனுடையது என்று ஊர் நினைக்கிறது. ஊட்டியதும் திட்டியதும் செதுக்கியதும் நான். இந்த வருஷம் மாநில ஆணழகன் பட்டம் அவனுக்குத்தான் என்று எங்கள் ஜிம்மில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கார்த்திகை பிறந்ததும் அவன் சபரிமலைக்கு மாலை போட்டான். கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தை இல்லை, அதற்கான வேண்டுதல். மாலை போட்ட பிறகுதான் விஜி முழுகாமல் இருப்பது தெரிந்தது. மாசமாக இருக்கிறவள் புருஷன் மலைக்குப் போகலாமா என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. "கேட்டதைக் குடுத்தவரைப் போய்ப் பாக்காம இருப்பானா?" என்று குருசாமி கோவிந்தப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

விரதம் என்றால் எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட வாசல் தாண்டி உள்ளே வராது. தட்டு தட்டாக வெள்ளைக் கரு தின்று வளர்ந்த உடம்பு, சாம்பார் சாதத்துக்கு இறங்கியது. தோள் வற்றியது. மார்பு தட்டையானது. போட்டி மாசியில். இரவெல்லாம் அவன் தோள்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

சோயா பொடி டப்பா ஒன்றைக் காலி செய்து, அதில் முட்டைப் பொடியைக் கொட்டினேன்.

"இது என்ன சாமி?" என்று கேட்டான். மாலை போட்டால் அண்ணனும் சாமிதான்.

"சோயா, சாமி. சுத்த சைவம்."

டப்பாவைத் திருப்பிப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. சந்தோஷப்பட்டான்.

காலையில் நானே கஞ்சி காய்ச்சினேன். "பெரியவன் தன் கையால கலக்கித் தரான், அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். சுனில் அந்த டம்ளரை உடனே குடிக்க மாட்டான். ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைப்பான். கண்ணை மூடிச் சரணம் சொல்வான். அப்புறம்தான் எடுப்பான். அந்த நேரத்தில் நான் ஜன்னலைத் திறக்கப் போய்விடுவேன். ஏற்கெனவே திறந்திருக்கிற ஜன்னல்தான்.

விஜிக்குத் தொம்மலூரில் ஒரு ஆபீஸில் ரிசப்ஷன் வேலை. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, பஸ் ஸ்டாப் பக்கத்துப் பேக்கரியில் நின்றிருந்தாள். எக் பஃப்ஸ், பாதி கையில், பாதி வாயில். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"மாமா... அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. நாலு நாளா வாய் கேட்டுக்கிட்டே இருக்கு. இந்த ஒண்ணுதான்."

"நான் ஏம்மா சொல்றேன்? உள்ள இருக்கறவன் பயில்வான் போல. இப்பவே முட்டை கேக்கறான்."

சிரித்துவிட்டாள். உதட்டில் ஒட்டியிருந்த தூளைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "பொறந்ததும் உங்க ஜிம்லயே சேத்துக்குங்க. ஃபீஸ் எல்லாம் கேக்கக் கூடாது" என்றாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அது சத்தியமான பேச்சு.

அடுத்த வாரம் அவசரத்தில் ஏலக்காய் போட மறந்துவிட்டேன். டம்ளரைக் கழுவப் போன அம்மா, அதை அப்படியே என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாலா, சாமி டம்ளர்ல கவிச்சி அடிக்குதுடா."

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். இல்லை, யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். "விஜி வெளிய முட்டை சாப்பிடுதும்மா. நானே பார்த்தேன். அந்தக் கையோட தொட்டிருக்கும்."

விஜி மறுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு அத்தை" என்று அழுதாள். சுனில் காலில் விழுந்தாள். மாலை போட்டவன் கோபப்படக் கூடாது என்று அவன் உள்ளே போனான். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது நியாயம்தான் என்று அவளே நினைத்துக்கொண்டு பார்த்த பார்வை அது.

சுனில் மலையிலிருந்து திரும்பிய வாரத்தில் கரு கலைந்தது.

இது எத்தனையோ பேருக்கு நடக்கிறது, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் யாரும் விஜியைக் குற்றம் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். சாகிற வரைக்கும் முட்டையும் கறியும் தொட மாட்டேன் என்று படத்துக்கு முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினாள். அவளுக்குத் துணையாக சுனிலும் ஒரு வருஷத்துக்கு விட்டான். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். விரதத்தைக் கெடுத்தது நான், அதுவும் தினமும் கெடுத்தேன், உன் ஒரு பஃப்ஸ் இல்லை என்று சொல்லியிருந்தால், அவள் என்னைக் காறித் துப்பிவிட்டு எழுந்து சாப்பிட்டிருப்பாள். எனக்குத் தோன்றியது வேறு. மாலையைக் கழற்றியும் இவன் முட்டை தொட மாட்டான், அதனால் டப்பாவைத் தொடர வேண்டியதுதான் என்று தோன்றியது.

விஜிக்கு நிறைய ரத்தம் போயிருந்தது. முட்டை கொடுங்கள், ஈரல் கொடுங்கள், ஒன்றும் முடியாவிட்டால் புரோட்டீன் பொடியாவது கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. அவள் ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நகமெல்லாம் வெளுத்துப்போனது. மாடிப்படி பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவாள்.

சுனில் ஜிம்முக்கு வந்து கேட்டான். "அண்ணா, எனக்குக் குடுக்கற அந்த சோயா பொடியை விஜிக்கும் கலக்கிக் குடேன். நீ குடுத்தா குடிப்பா."

அந்த வீட்டில் அவள் இன்னமும் என் பேச்சைத்தான் நம்பினாள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

டப்பா எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அவளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? மாசமாக இருந்து எழுந்தவள், மூக்கு பொல்லாதது. ஒரு மோப்பத்தில் கண்டுபிடித்துவிடுவாள். நிஜமான சோயாவை வாங்கிக் கொடுத்தால், அதற்கும் இதற்கும் ருசி வேறு, சுனில் கேட்பான். இரண்டையும் நிதானமாக யோசித்தேன்.

"அது பொம்பளைங்களுக்கு ஆகாதுடா" என்றேன். "எந்தப் பொடியும் ஆகாது. கர்ப்பப்பையில சூடு ஏறிடும். அப்புறம் கரு நிக்காது."

பயிற்சி கொடுக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். அனுஷா பிறகு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தபோது, அம்மா அதை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தாள். விஜியும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். மறுபடி ஒரு குழந்தை நிற்க வேண்டுமே என்ற ஆசை அவளுக்கு. பட்டினி போட்டுக் கொல்கிறார்கள் என்று அனுஷா நினைத்தது அன்றைக்குத்தான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பே இல்லை என்றார்கள். வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை.

பொடி குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. அது அவள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டது நான். தன் வயிற்றுப் பிள்ளையைத் தானே தின்றுவிட்டதாக அவளை நினைக்க வைத்ததும் நான். சட்டத்தில் இதற்கு என்ன பேரோ, அதையே எழுதிக்கொள்ளுங்கள். காரியத்தன்று அவள் படத்துக்கு மாலை போடும் முறை எனக்கு வந்தது. கை நடுங்குகிறது என்று சொல்லி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். கை நடுங்கவே இல்லை, மேடம். அதுதான் வெட்கமாக இருந்தது.

அவ்வளவுதான். அவள் பேர் சுத்தமாக வேண்டும், அதற்காகத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை. அம்மாவும் சுனிலும் பக்கத்து அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் இனி ஒன்றும் இல்லையே? அப்படியானால் சுனிலை இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் சொன்னதை இப்போதைக்கு அவன் காதில் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போட்டி. இன்னும் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் தோளில் கட்டிங், அதாவது தசை பிரிந்து நிற்கிற கோடு, தெரியாது. மேடைக்கு வர மாட்டேன் என்றுதான் சொல்வான். ஒரு பத்து நிமிஷம் என்னை அவனோடு விடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.