அடுத்த ஆள்

— டேய், உன் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? இப்பதான் வீட்டுக்குள்ள வர்றேன், அப்பா தலைமாட்டுல போன் விடாம கத்துது. மனுஷன் எப்படித்தான் தூங்குறாரோ!

— என்ன மெசேஜ்க்கா?

— காலையில வந்த அதேதான். ‘உங்கள் பெயரில் வழங்கிய பிரஷர் மாத்திரையில் வேறு மருந்து கலந்துவிட்டது, சாப்பிட வேண்டாம்.’ ஒரு தடவை சொன்னா எங்களுக்குப் புரியாதா? பெத்த அப்பன்னு பாசம் பொங்குதோ?

— விளையாடாதக்கா. இப்பவும் வருதா?

— இந்தா, நீயே கேளு. டிங்... டிங்...

— ஐயையோ.

— என்னடா?

— இரு இரு, முதல்ல அதை நிறுத்தறேன்... நிறுத்திட்டேன். அக்கா, எல்லார் தலையிலயும் மண்ணைப் போட்டுட்டேன்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— அந்த மாத்திரை வாங்கினவங்க பேரெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. அதுக்கு ஒரு லூப் எழுதினேன், திரும்பத் திரும்ப ஓடற கட்டளை. ஒரு ஆளை எடு, மெசேஜ் அனுப்பு, அடுத்த ஆளுக்குப் போ. ஆள் தீர்ற வரைக்கும் இதையே பண்ணு. அவ்வளவுதான்.

— சரி.

— முதல்ல வெறும் வணக்கம்னு அனுப்பிச் சோதிச்சேன். அது நோயாளிங்களுக்குப் போயிடக் கூடாதுன்னு அப்பாவை முதல் ஆளா வச்சு, ‘அடுத்த ஆளுக்குப் போ’ங்கற வரியை மட்டும் அடைச்சு வச்சேன்.

— அப்புறம் திறக்கலையா?

— மறந்துட்டேன்க்கா. அனுப்பின கணக்கு ஏறிக்கிட்டே இருந்துச்சு. எல்லாருக்கும் போகுதுன்னு நிம்மதியா டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அத்தனையும் அப்பாவுக்கே போயிருக்கு. வேற ஒருத்தருக்கும் போகல.

— டேய்... அம்மாவும் அதே மாத்திரைதானே?

— ஆமா, அப்பாவுக்கு அடுத்த ஆளே அம்மாதான். ஆனா அம்மா அப்பாவோட மெசேஜைப் பாத்திருப்பாங்களே. தூக்கிப் போட்டிருப்பாங்க இல்ல?

— அப்பாவோடதைத் தூக்கிப் போட்டுட்டா. காலையில எனக்குப் போன்ல சொன்னா. ‘உங்கள் பெயரில்’னுதானேடா அனுப்பியிருக்க?

— அக்கா...

— தன் போனுக்கு ஒண்ணும் வரல, அதனால தன்னோடது நல்ல மாத்திரைன்னு நினைச்சுட்டாடா. அவர் மாத்திரை போடாம இருக்கக் கூடாதேன்னு தன்னோடதுல ஒண்ணை அவருக்குக் குடுத்துட்டு, தானும் ஒண்ணு போட்டுக்கிட்டா.

— அம்மா எங்க?

— அவர் பக்கத்துலதான் படுத்திருக்கா.

— எழுப்புக்கா! ரெண்டு பேரையும் எழுப்பு! நான் ஆம்புலன்ஸோட வர்றேன்!

— எழுப்பிக்கிட்டுதான்டா இருக்கேன்... தம்பி, அந்தப் போன் அவ்வளவு நேரம் கத்தினதுக்கே ரெண்டு பேரும் அசையலையேடா.